டெல்மர் இப்போது எந்த ஊரில்

ஆர்டிஸ் ஓஸ்ட்பியிடம் "எப்படி இருக்கே?" என்று யார் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான். "பரவாயில்ல." வெளியே மூக்கு உறைகிற குளிரா, பரவாயில்ல. கூரை ஒழுகுகிறதா, பரவாயில்ல. புருஷனைப் புதைத்து வந்த மறுநாள் நான் கேட்டபோதும் அதே பரவாயில்லதான்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் இந்த வடமேற்கு மூலையில் எல்லோருமே அந்தச் சொல்லை வைத்துத்தான் காலம் தள்ளுகிறோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எங்கள் ஜெர்மன் கத்தோலிக்கக் கூட்டம் அவ்வப்போது கத்தும், கதவை அறைந்து சாத்தும், பிறகு சாப்பிட உட்காரும். ஆர்டிஸ் நார்வே வம்சம், லூத்தரன் சபை. அவர்கள் வீட்டில் தீப்பிடித்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவாகிவிடுமே என்று மெதுவாகத்தான் கூப்பிடுவார்கள்.

என் பெயர் நோர்பர்ட். நோர்ப் என்றால்தான் ஆளுக்குத் தெரியும். நான் நூலக வேன் ஓட்டுகிறேன். எங்கள் வட்டாரத்தில் சின்னச் சின்ன ஊர்களில் சின்னச் சின்ன நூலகங்கள். ஒன்றில் இல்லாத புத்தகத்தை இன்னொன்றிலிருந்து இரவல் வாங்கி வாசகருக்குக் கொடுப்பார்கள். அந்தப் புத்தகங்களைச் சிவப்புப் பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்குவது என் பிழைப்பு. ஹால்வர்ட் ஊர் நூலகத்தில் அந்த இரவல் மேசை ஆர்டிஸுடையது. வேறு ஊர்க்காரர்கள் கேட்ட புத்தகத்தை அலமாரியில் தேடி எடுப்பாள், போகவேண்டிய ஊரின் பெயரை ஒரு தாளில் அச்சடித்துச் சொருகுவாள், கூடையில் வைப்பாள். நான் கொண்டுவந்ததைப் பிரித்து, இந்த ஊரில் கேட்டவர்களுக்கு எடுத்து வைப்பாள். இருபது வருடங்களுக்கு மேல் இதே வேலை. சுறுசுறுப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு புத்தகத்தைக்கூட ஒரு நாள் தங்கவிட மாட்டாள். கேட்டால், "அங்க யாரோ காத்துட்டிருக்காங்க நோர்ப்" என்பாள். அந்த யாரோ ஒரு முகம் தெரியாத ஆள். அவருக்காக இவள் மதியச் சாப்பாட்டை ஆறவிடுவாள்.

அவள் புருஷன் டெல்மர் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான். நல்ல மனிதன், நிறையப் பேசமாட்டான். பழைய டிராக்டர்களைப் பிரித்துத் திரும்பப் பூட்டுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. மாவட்ட எல்லையைத் தாண்டினால் அவனுக்குத் தூக்கம் வராது. கல்யாணமான புதிதில் இவள் எங்காவது போகலாம் என்று கேட்டதற்கு, "இங்க என்ன குறைச்சல்?" என்றானாம். ஒரு மார்ச் மாதம் கிடங்கில் சாப்பாட்டுப் பெட்டியின் மேல் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கூட இருந்தவர்கள் அவன் கண்ணயர்ந்துவிட்டான் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் இருந்திருக்கிறார்கள்.

சவ அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு போட்டார்கள். பன்றித் தொடை வைத்த பன், வேகவைத்த உருளைக்கிழங்கு, காப்பி. காப்பிக் கூஜாவை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக ஊற்றிக்கொண்டு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஆர்டிஸ். செத்தவன் பெண்டாட்டி. என் கோப்பையிலும் ஊற்றினாள். "உக்காரேன் ஆர்டிஸ்" என்றேன். "பரவாயில்ல" என்றாள். மறுநாள் வேனோடு போனால் மேசையில் இருக்கிறாள்.

"என்னத்துக்கு வந்தே?"

"வேன் வருமே."

என் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். அப்போதுதான் போட்டது, ஆவி பறக்கிறது. ஒரே மடக்கில் பாதிக் கோப்பையைக் குடித்தாள்.

"ஏய், சுடலையா?"

கோப்பையைப் பார்த்தாள். "தெரியலையே" என்றாள். கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன். அழுதிருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன்.

எங்கள் ஊர்களில் ஒருவர் செத்தால் பூமாலைக்குப் பதிலாக நூலகத்துக்குப் பணம் கொடுப்பது உண்டு. அந்தப் பணத்தில் ஒரு புத்தகம் வாங்கி, முன்னட்டையின் உட்பக்கத்தில் 'இன்னாரின் நினைவாக' என்று ஒரு சீட்டு ஒட்டி அலமாரியில் வைப்பார்கள். ஹால்வர்டில் அந்தச் சீட்டுகளை எல்லாம் ஒட்டுவதும் ஆர்டிஸ்தான். டெல்மருக்காகக் கிடங்குக்காரர்கள் பணம் போட்டார்கள். பழைய நீராவி டிராக்டர்களைப் பற்றிப் படங்கள் போட்ட பெரிய புத்தகம் ஒன்று வந்தது. அதே வாரத்தில் எஸ்தர் லுண்ட் டீச்சருக்காகவும் ஒன்று வந்தது. கல்யாணமே செய்துகொள்ளாமல் தாய்லாந்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவர் அவர். ஊருக்குத் திரும்பிய பிறகும் கோடையில் எங்காவது பஸ் ஏறிவிடுவார். அவருக்கு வந்தது தாய்லாந்துச் சமையல் புத்தகம்.

புருஷன் பெயரை இவள் கையாலேயே ஒட்டவைப்பதா என்று நூலகப் பொருளாளருக்கு மனசு இளகிவிட்டது. நான் செய்கிறேன் என்று அவரே பசையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார். டிராக்டர் புத்தகத்தில் எஸ்தர் லுண்ட். சமையல் புத்தகத்தில் டெல்மர் ஓஸ்ட்பி. உயிரோடு இருந்தவரை தக்காளி சாஸையே காரம் என்று ஒதுக்கியவன் டெல்மர்! மிளகுத் தூள் டப்பா அவர்கள் வீட்டில் கல்யாணத்துக்கு வந்தது, அப்படியே இருந்தது. அவன் பெயர் போய், பச்சை மிளகாய் அரைக்கிற படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

ஆர்டிஸ் முதல் வாரமே பார்த்துவிட்டாள். நான் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "பிச்சு மாத்தி ஒட்டு" என்றேன்.

"அவரு பாவம், ஆசையா ஒட்டினாரு. சொன்னா சங்கடப்படுவாரு."

"எஸ்தர் டீச்சர் வீட்டுல?"

"வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. படம் நல்லா இருக்குன்னாங்க. பரவாயில்ல நோர்ப்."

இப்படியே போயிருக்கும். புத்தகம் இரவல் போனாலும் முன்பெல்லாம் விருந்துக்குப் போன பிள்ளை மாதிரி சொந்த ஊர் திரும்பிவிடும். ஆனால் அடுத்த வருடம் வட்டார நூலகத் தலைமை அலுவலகத்திலிருந்து 'மிதவை முறை' என்று ஒன்று வந்தது.

ஹால்வர்ட் நூலகத்துக்கு அப்போது ஷெல்பி என்ற இளம்பெண் தலைவியாக வந்திருந்தாள். நல்ல பெண், வேகமாகப் பேசுவாள். எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினாள். இனி எந்தப் புத்தகத்துக்கும் சொந்த ஊர் கிடையாது. வாசகர் எந்த நூலகத்தில் திருப்பிக் கொடுக்கிறாரோ அந்த அலமாரியிலேயே தங்கிவிடும். அடுத்து யாராவது கேட்டால் அங்கிருந்து கிளம்பும்.

"திருப்பி அனுப்பற செலவு மிச்சம். எல்லா ஊர்ப் புத்தகமும் எல்லாருக்கும்" என்றாள் ஷெல்பி. "இனிமே வர்றதுல பாதி திரையில படிக்கிற புத்தகமா இருக்கும். அத ஒரு நூலகம் இன்னொண்ணுக்கு இரவல் குடுக்கவே பதிப்பகங்க விடமாட்டேங்கறாங்க. கையில இருக்கற காகிதத்தையாவது நல்லா சுத்தவிடுவோம்."

"அப்ப என் வேல?" என்றேன்.

"இன்னும் ரெண்டு வருஷம் கண்டிப்பா இருக்கு நோர்ப்."

ஆறுதல் சொல்கிறாளாம்.

பிறகு அவள் ஆர்டிஸ் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "உங்க வீட்டுக்காரர் பேர் போட்ட புத்தகம் ஒண்ணு இருக்கில்ல? அத மட்டும் 'இந்த ஊர விட்டுப் போகாது'ன்னு கம்ப்யூட்டர்ல குறிச்சிடலாம். ஒரே ஒரு க்ளிக்தான்" என்றாள்.

"எதுக்கு? எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே. பரவாயில்ல."

மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

மிதவை முறை நேரம் பார்த்துத்தான் வந்தது. லாங் லேக் ஊரில் ஒருத்தி அந்தச் சமையல் புத்தகத்தை இரவல் வாங்கித் தேங்காய்ப்பாலில் ஏதோ கோழிக் குழம்பு வைத்துச் சபை விருந்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். குளிர்காலம் முழுக்க வெந்த உருளைக்கிழங்கைத் தின்று நாக்குச் செத்துக் கிடந்த ஜனங்கள், பாத்திரத்தை வழித்திருக்கிறார்கள். புத்தகம் இப்போது அச்சில் இல்லை. வட்டாரத்துக்கே ஒரே பிரதி. எல்லோரும் முன்பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். வரிசை நீண்டுகொண்டே போனது. அதன் கடைசியில் ஒரு பெயரை ஆர்டிஸும் சேர்த்தாள். தன் பெயர்.

"நீயுமா? சமைக்கப் போறியா?" என்றேன்.

"இல்ல. ஒரு தடவ இங்க வரட்டும்னு."

அவ்வளவுதான் சொன்னாள். திரையைக் காட்டினாள். பதினான்காவது ஆள். ஒரு பொத்தானைத் தட்டினால் அவள் பெயர் முதலில் போய் உட்கார்ந்துகொள்ளும், இரவல் மேசைக்காரிக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. செய்யமாட்டாள். அவளுக்கு வேண்டியது அந்தப் புத்தகம் ஒரு முறை ஹால்வர்டுக்கு வருவது. வந்து அவள் கையால் திருப்பிக் கொடுக்கப்பட்டால், அடுத்தவர் கேட்கும்வரை இந்த ஊர் அலமாரியில் இருக்கும். இருந்த இருப்பைப் பார்த்தால் அவள் எதற்கும் ஆசைப்படுகிற மாதிரியே தெரியாது. சோற்றைத் தின்பாள், ருசி கேட்டால் யோசிப்பாள். ஆனால் அந்த எண் குறைகிறதா என்று வாரம் ஒரு முறை பார்த்தாள். டெல்மர் போன பிறகு அவள் எதையாவது எதிர்பார்த்தாள் என்றால் அதை மட்டும்தான்.

அதைப் பார்த்துத்தான் நான் அந்தக் கிண்டலை ஆரம்பித்தேன். ஒரு வியாழக்கிழமை கூடையை இறக்கிக்கொண்டே, "டெல்மர் இப்ப எந்த ஊர்ல?" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கை நின்றது. பிறகு திரையைப் பார்த்தாள்.

"கிரேலிங்ல."

"கிரேலிங்கா! அங்க அவனுக்கு யாரத் தெரியும்?"

"யாரையும் தெரியாது. தூங்கியிருக்க மாட்டாரு."

சிரிக்கவில்லை. ஆனால் பதில் சொன்னாள். அதிலிருந்து வாரா வாரம் கேட்பேன். ஒரு வாரம் செயிண்ட் ஆல்பன், என் சொந்த ஊர். "ஜெர்மன்காரங்க கிட்ட மாட்டிக்கிட்டாரு" என்றாள். ஒரு வாரம் கனடா எல்லைக்குப் பக்கத்தில். மாவட்டம் தாண்டாத மனிதன் செத்த பிறகு ஊர் சுற்றினான். அவன் போன இடமெல்லாம் என் வேனில்தான் போனான். என்னைச் சாரதியாக வைத்துக்கொண்டான் என்று சொன்னேன். "சம்பளம் கேக்காத" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஸ்டிக்கர்கள் வந்தன. தலைமை அலுவலகத்தில் புத்தகங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற யந்திரம் ஒன்று வாங்கப் போகிறார்கள். அந்த யந்திரத்துக்குத் தெரியும்படி ஒவ்வொரு புத்தகத்திலும் உள்ளே சில்லு வைத்த ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். உள்ளங்கை அளவு. ஒரு வாத்துப் படம், அதன் கீழே 'இந்தப் புத்தகம் எல்லோருக்கும் சொந்தம்' என்று எழுத்து. எங்கே ஒட்டுவது என்றும் சொல்லியிருந்தார்கள்: முன்னட்டையின் உட்பக்கம், மேலே, இடது மூலை. எந்தப் புத்தகம் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே இருப்பவர்கள் ஒட்டிவிட வேண்டும்.

நான் போகும்போதெல்லாம் ஆர்டிஸ் ஒட்டிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை எடுப்பாள், அட்டையைத் திறப்பாள், ஒட்டுவாள், கட்டைவிரலால் அழுத்துவாள், மூடுவாள். யந்திரம் அப்போதே வந்துவிட்டது போல இருந்தது. ஒரு தடவை அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். ஒட்டுகிற இடத்தில் ஏற்கெனவே ஒரு நினைவுச் சீட்டு இருந்தது. கென்னி என்ற பெயர் மட்டும் கண்ணில் பட்டது. அடுத்த நொடி அதன் மேல் வாத்து உட்கார்ந்துவிட்டது.

"பேரு மறையுது ஆர்டிஸ்."

"சொன்ன எடத்துல ஒட்டறேன்."

"கொஞ்சம் தள்ளி ஒட்டினா என்ன?"

"யந்திரத்துக்குத் தெரியாதாம். பரவாயில்ல, அத யாரு தெறந்து பாக்கறாங்க?"

அடுத்த புத்தகத்தை எடுத்துவிட்டாள். எனக்கும் நேரமாகிவிட்டது, வெளியே பனி கொட்ட ஆரம்பித்திருந்தது.

வசந்தத்தில் அவளுக்கு முன்னால் மூன்றே பேர்தான் மிச்சம். அப்போது ஷெல்பி ஒரு செய்தி சொன்னாள். கோடையில் எல்லா நூலகங்களும் புதிய கம்ப்யூட்டர் முறைக்கு மாறுகின்றன. பழைய முன்பதிவு வரிசைகள் அதோடு அழிந்துவிடும். வேண்டியவர்கள் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வருடமாக வரிசையில் நின்ற ஒருத்தியைக் கதவருகில் வைத்துத் துரத்துகிற கதை. ஆர்டிஸ் என்ன சொன்னாள் என்று நான் எழுதவேண்டியதில்லை.

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அடுத்த வாரம் ஓக்லி ஊர் நூலகத்தில் கூடையை ஏற்றும்போது அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. லாங் லேக்கில் யாருக்கோ என்று தாள் சொருகியிருந்தது. கூடையிலிருந்து எடுத்து என் பக்கத்து சீட்டில் வைத்தேன். ஹால்வர்டுக்கு வந்ததும் நேராக அவள் மேசையில் கொண்டுபோய்ப் போட்டேன்.

"இந்தா. டெல்மர் வந்துட்டான்."

அவள் அட்டையைப் பார்த்தாள். அட்டையில் இருந்த சிவப்பு மிளகாயின் மேல் விரலை வைத்தாள். திறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சொருகியிருந்த தாளைப் படித்தாள்.

"இது லாங் லேக் போவணும்."

"போகட்டும். ஒரு வாரம் கழிச்சுப் போகட்டும். வேன் டயர் பஞ்சர்னு சொல்றேன்."

"அங்க யாரோ காத்துட்டிருக்காங்க நோர்ப்."

"நீ காத்துட்டிருக்கலையா? நீ யாரோ இல்லையா?" கத்திவிட்டேன். வாசிப்பறையில் இரண்டு தலைகள் திரும்பின.

அவள் சிவந்துபோய்விட்டாள். சத்தம் போட்டது நான், கூச்சப்பட்டது அவள். "என் மொற வரட்டும்" என்று சொல்லி, திறக்காமலே புத்தகத்தைக் கூடையில் வைத்தாள். திரும்பும் வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். மண்ணாங்கட்டி நேர்மை. கல்லிடம் பேசினால்கூடக் கொஞ்சம் எதிரொலி வரும்.

முறை வந்தது. புதிய முறைக்கு மாற நான்கே நாள் இருக்கும்போது வந்தது. லாங் லேக் ஆள் சீக்கிரமே திருப்பிவிட்டார், அடுத்தவர் எடுக்கவே வரவில்லை. அந்த வியாழக்கிழமை கூடையின் மேலேயே புத்தகம் கிடந்தது. சொருகியிருந்த தாளில் 'ஹால்வர்ட், ஓஸ்ட்பி' என்று அச்சாகியிருந்தது. நான் அன்று வேனைக் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போய், "இந்த வாட்டி சட்டப்படி" என்றேன்.

ஆர்டிஸ் அதைக் கம்ப்யூட்டரில் வரவு வைத்தாள். மற்றவர்களுக்குச் செய்வது போலவே தன் உறுப்பினர் அட்டையில் இரவல் பதிந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு முன்னட்டையைத் திறந்தாள்.

வாத்து. 'இந்தப் புத்தகம் எல்லோருக்கும் சொந்தம்.'

மேலே, இடது மூலையில். மிகச் சரியாக ஒட்டியிருந்தார்கள், ஒரு ஓரம்கூடக் கோணல் இல்லை. டெல்மர் பெயரில் ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை.

அடுத்து அந்தச் சொல் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் அன்றோடு அவளிடம் பேசுவதையே விட்டிருப்பேன். வரவில்லை. அவள் ஆள்காட்டி விரலால் ஸ்டிக்கரைத் தடவினாள். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. கீழே இருக்கிற சீட்டின் விளிம்பு மேடாகத் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"பிய்ச்சுப் பாக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம். பேப்பரும் கூடவே வந்துரும்." விரலை எடுக்கவில்லை. "நோர்ப், எனக்குக் கோவம் வருது."

வானொலியில் மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். ஆனால் அவள் கழுத்து சிவந்திருந்தது, காது சிவந்திருந்தது.

"வரட்டும். நல்லா வரட்டும்" என்றேன். "எவன் ஒட்டினான்னு கண்டுபிடிக்கறேன். கிரேலிங்லயா ஓக்லிலயா..."

"எந்த ஊரா இருந்தா என்ன? சொன்ன எடத்துல ஒட்டியிருக்காங்க." அவள் என்னைப் பார்த்தாள். "என்னைய மாதிரி ஒருத்தி. நானும் இப்படித்தானே ஒட்டினேன். கென்னி மேல ஒட்டினேன். ஏரியில முழுகிப் போன புள்ள. அவங்கம்மா வாரா வாரம் இங்க வராங்க. நீ சொன்னே, நான் பரவாயில்லன்னேன்."

அவள் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து அலமாரிகளுக்கு நடுவே போனாள். நானும் பின்னால் போனேன். கடைசி வரிசையில் நின்று, தடித்த ஒரு புத்தகத்தை உருவினாள். நீராவி டிராக்டர்கள். வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் கேட்காத புத்தகம். எந்த ஊரும் கேட்கவில்லை, அதனால் மிதவையிலும் அது மிதக்காமல் ஹால்வர்டிலேயே கிடந்தது. திறந்தாள். வாத்து. அதன் கீழே எஸ்தர் டீச்சர். அந்த வாத்து ஆர்டிஸ் தன் கையால் ஒட்டியது.

இரண்டு புத்தகங்களையும் திறந்தபடி ஜன்னல் மேடையில் அருகருகே வைத்தாள். இரண்டிலும் ஒரே வாத்து, ஒரே எழுத்து. யாரும் எந்தப் புத்தகத்தில் யார் என்று சொல்ல முடியாது. நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன். அவள் எனக்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டாள்.

"பேனா இருக்கா?" என்றாள்.

நூலகப் புத்தகத்தில் பேனாவால் கோடு போட்ட பையன்களின் அப்பாக்களிடம் வீடு தேடிப் போய் முறையிட்டவள் அவள். சட்டைப் பையிலிருந்து என் பேனாவைக் கொடுத்தேன். சமையல் புத்தகத்தில், ஸ்டிக்கரில் எழுத்துக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில், 'எஸ்தர் லுண்ட் நினைவாக' என்று எழுதினாள். பள்ளிக்கூட எழுத்து, நேராக. பிறகு டிராக்டர் புத்தகத்தை இழுத்தாள். 'டெல்மர் ஓஸ்ட்பி' என்று எழுதினாள். கடைசி எழுத்து ஸ்டிக்கரைத் தாண்டி அட்டைக்குப் போய்விட்டது. அதைப் பார்த்ததும் அழுதாள். மூக்கை உறிஞ்சி, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். இரண்டு வருடம் மூன்று மாதம் கழித்து. நான் பக்கத்தில் நின்று ஜன்னல் வழியாக என் வேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கண் எரிந்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக ஷெல்பியின் அறைக்குப் போனாள். டிராக்டர் புத்தகத்தை அவள் மேசையில் வைத்தாள்.

"அன்னிக்கு ஒரு க்ளிக்னு சொன்னியே. 'இந்த ஊர விட்டுப் போகாது'ன்னு. அதக் காட்டு."

ஷெல்பி புத்தகத்தைப் பார்த்தாள், ஆர்டிஸின் முகத்தைப் பார்த்தாள். "இதுக்கா? இத யாருமே கேட்டதில்லையே ஆர்டிஸ். இது எங்கயும் போகாது. அப்படியே விட்டாலே..." கொஞ்சம் தயங்கி, "பரவாயில்லையே?" என்றாள்.

"பரவாயில்ல இல்ல" என்றாள் ஆர்டிஸ். "காட்டு."

ஷெல்பி நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். ஆர்டிஸ் தானே மவுஸைப் பிடித்துத் தானே அழுத்தினாள். பிறகு கென்னியின் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடப் போனாள். என் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எஸ்தர் டீச்சரை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னாள். புதிய வரிசைக்கு இப்போதே பெயர் கொடுத்தவர்களில் முதல் ஆள் கனடா எல்லைப் பக்கமாம், காத்துக்கொண்டிருக்கிறாராம். இரவல் காலம் இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே, வைத்துக்கொள்ளேன் என்றேன். எஸ்தர் டீச்சர் ஒரே ஊரில் உட்கார்ந்திருந்து நீ எப்போது பார்த்தாய் என்று கேட்டாள். நான் புத்தகத்தைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.